பழைய காடிக்குக் கூடுதல் வாரண்டி வாங்கலாமா? கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் மனைவியின் தம்பி ஈப்போவில் பழைய காடி (கார்) விற்கும் ஒரு கடையிலிருந்து கூப்பிட்டான். விற்பனைக்காரர் படிவம் எடுக்க உள்ளே போயிருந்தாராம். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"மச்சான், காடி பிடிச்சிருக்கு. ரெண்டு வருஷ வாரண்டி 1,680 வெள்ளியாம். லோன்ல சேர்த்துட்டா மாசம் 25 வெள்ளிதான் கூட வரும்ங்கிறாங்க. போட்டுடவா?"

"பேனாவக் கீழ வை. வாரண்டிப் புத்தகத்தக் கேட்டு எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. முன்பக்கம் மட்டும் இல்ல, கடைசிப் பக்கம் வரைக்கும். வீட்டுக்கு வா, பேசுவோம்."

அன்று ராத்திரி சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் பார்த்த கணக்குதான் இது. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாரண்டிக்கு எதிரி இல்லை. சில வருஷங்களுக்கு முன் நானே காசு கட்டி ஒன்று வாங்கினேன், கியர் பாக்ஸ் போனபோது கிளைம் கேட்டேன், கையை விரித்துவிட்டார்கள். தப்பு யார் மேல் என்பதைப் பின்னால் சொல்கிறேன், பாதி என் மேல்தான்.

கம்பெனி வாரண்டி மிச்சம் இருக்கிறதா?

இதைக் கேட்காமலே கூடுதல் வாரண்டிக்குக் கையெழுத்துப் போடுபவர்கள் நிறைய. பெரோடுவா புதுக் காடிக்கு 5 வருஷம் அல்லது 1,50,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி தருகிறது. ஹோண்டா 5 வருஷம், கிலோமீட்டர் கணக்கே கிடையாது. இந்த வாரண்டி காடியோடு போவது, ஆளோடு போவதில்லை, அதனால் மூன்று வயதுக் காடியை நீங்கள் வாங்கினால் மிச்ச இரண்டு வருஷம் உங்களுக்குத்தான், ஆனால் முந்தைய உடமையாளர் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒழுங்காகச் சர்வீஸ் செய்திருக்க வேண்டும். நாள் எண்ணத் தொடங்குவது கிரானில் (காடியின் பதிவுச் சான்றிதழில்) இருக்கும் முதல் பதிவுத் தேதியிலிருந்து. தயாரித்த வருஷத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், 2021இல் செய்த காடி 2022இல் பதிவாகியிருக்கலாம்.

கம்பெனி வாரண்டி இன்னும் ஒரு வருஷம் இருக்கும்போது இன்று முதல் ஓடத் தொடங்கும் கூடுதல் வாரண்டியை விற்றால், அந்த ஒரு வருஷத்துக்கு நீங்கள் ஒரே பொருளுக்கு இரண்டு தடவை காசு கட்டுகிறீர்கள். கம்பெனியுடையது முடிந்த மறுநாள் தொடங்குமா என்று கேளுங்கள். தொடங்காது என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

மச்சான் பார்த்த காடி 2019 கடைசியில் பதிவானது, சிவிடி கியர் (படிப்படியாக மாறாத ஒருவகை ஆட்டோ கியர்), 88,000 கிலோமீட்டர். கம்பெனி வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. சரி, அடுத்தது.

வாரண்டியைப் பேசும் முன் காடியைப் பாருங்கள்

"வாரண்டிதான் இருக்கே" என்று சொல்லிச் சொல்லியே சந்தேகமான காடியை நம் தலையில் கட்டிவிடுவார்கள். வாங்கும் நாளுக்கு முன்பே இருந்த கோளாறுக்குக் கூடுதல் வாரண்டி பொதுவாகக் காசு தராது. அதனால் வாரண்டிக்கு வைத்திருக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, உங்களுக்குத் தெரிந்த போர்மேனை (மெக்கானிக்கை) ஒரு காலை நேரம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பெட்ரோலும் ரொட்டி சானாயும் போக ஒரு நூறு, நூற்றைம்பது வெள்ளி கையில் கொடுத்தால் போதும். இதுவரை நான் செய்த செலவுகளில் இதைவிட லாபமானது எதுவும் இல்லை.

காலையில் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் சத்தம் கேட்கும். போனதும் பானெட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். சிவிடியாக இருந்தால் தட்டையான ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதில் பெரிய பலன் இல்லை, ஏற்றம் வேண்டும். கடைக்காரர் சம்மதித்தால் ஜெலாப்பாங்கிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறி மெனோரா சுரங்கம் வரை போய்ப் பாருங்கள், அந்த ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்திக்கொண்டு வேகம் ஏறாவிட்டாலோ, இறங்கி ஊருக்குள் வந்து சிக்னலில் நிற்கும்போது உதறினாலோ, கியர் பாக்ஸ் தன் கதையைச் சொல்லிவிட்டது என்று அர்த்தம்.

மீட்டரை நம்பாதீர்கள், டயரைப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரத்தில் செய்தது. மீட்டர் 40,000 என்று காட்டும் காடிக்கு இரண்டாவது செட் டயர் போட்டிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். ஸ்டீரிங் தோல் வழவழப்பு, பிரேக் மிதி ரப்பர் தேய்மானம், ஓட்டுநர் சீட்டின் ஓரம் நைந்திருப்பது, இவை மூன்றையும் மீட்டரைப் போல் சுலபமாகத் திருப்பி வைக்க முடியாது.

வெள்ளக் காடி விஷயமும் இருக்கிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் முங்கிய காடிகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண் கறை இருந்தால் கிளம்பிவிடுங்கள். வெள்ளச் சேதத்துக்கு வாரண்டியில் இடமே இல்லை.

அப்புறம் புஸ்பாகோம், காடிகளைச் சோதிக்கும் நிலையம். "புஸ்பாகோம் பாஸ், அண்ணே" என்பதைக் கேட்டு நிம்மதியாகி விடுகிறோம். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையில் சாசி எண், எஞ்சின் எண், பிரேக், புகை, கீழ்ப்பகுதி என்று பார்ப்பார்கள். கியர் பாக்ஸைப் பிரித்து இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்வது அவர்கள் வேலை இல்லை.

அந்தக் காகிதம் என்ன, அதைத் தருவது யார்?

நிறையப் பேர் இதைக் காப்புறுதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். வருஷா வருஷம் ரோட் டேக்ஸோடு எடுக்கும் முதல் தரப்புக் காப்புறுதி விபத்து, திருட்டு, தீ இவற்றுக்கானது. எஞ்சின் தானாகப் பழுதானால் அதில் ஒரு சென் வராது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் கூடுதல் வாரண்டி விற்கிறார்கள். ஆனால் வாரண்டி என்பது ஒரு கம்பெனி உங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம், அவ்வளவுதான். கம்பெனி மூடிவிட்டால் வாரண்டியும் போச்சு.

அதனால் புத்தகத்தில் முதலில் தேட வேண்டியது பெயரை. பணம் தரப் பொறுப்பு யாருக்கு? காடிக் கடைக்கா, காடி தயாரித்த கம்பெனிக்கா, மூன்றாவது ஆளுக்கா? மூன்றாவது ஆள் என்றால் அதன் பின்னால் ஒரு காப்புறுதி நிறுவனம் நிற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனி எந்த வருஷம் பதிவானது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தின் இணையத்தளத்தில் சின்னக் கட்டணத்துக்கு எடுத்துவிடலாம். நேற்று முளைத்த கம்பெனி மூன்று வருஷ வாரண்டி தந்தால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

புத்தகத்தைப் பின்னாலிருந்து படியுங்கள்

முன்பக்கத்தில் எஞ்சின், கியர் பாக்ஸ், ஏர்கோன், எலெக்ட்ரிக்கல் என்று பளபளவென்று இருக்கும். காசு விஷயமெல்லாம் பின்னால். நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

ஒரு கிளைமுக்கு எவ்வளவு உச்சவரம்பு, மொத்தமாக எவ்வளவு? இந்த இரண்டு எண்தான் வாரண்டியின் உண்மையான விலையைச் சொல்லும். மச்சான் அனுப்பிய படத்தில் ஒரு கிளைமுக்கு 2,000 வெள்ளி, மொத்தம் 6,000 என்று இருந்தது. விற்பனைக்காரர் வாயில் வந்தது 6,000 மட்டும்.

பிறகு விலக்குப் பட்டியல். தேய்மானம் என்ற ஒரு சொல் அதில் கட்டாயம் இருக்கும், அது எவ்வளவு தூரம் நீளும் என்று பாருங்கள். பிரேக் பேட், கிளட்ச், பெல்ட், பேட்டரி என்று பெயர் சொல்லி நிறுத்தினால் நியாயம். வெறுமனே தேய்மானத்தால் வந்த எந்தப் பழுதும் என்று எழுதியிருந்தால், எட்டு வயதுக் காடியில் தேய்மானத்தால் வராத பழுது எது, சொல்லுங்கள்? ஆப்சோர்பர், ஆர்ம் புஷ், எஞ்சின் மவுண்டிங், பேரிங் இவை பெரும்பாலும் விலக்கில்தான் இருக்கும். எங்களைப் போலத் தோட்டப் பக்கம் இருப்பவர்களுக்கு இது முக்கியம், செம்பனை லோரி ஓடிக் குழி விழுந்த செம்மண் ரோட்டில் தினமும் போய் வரும் காடியில் முதலில் போவது இந்தச் சாமான்கள்தான், கியர் பாக்ஸ் இல்லை.

சூடேறி வந்த சேதமும் பல புத்தகங்களில் விலக்கு. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, தண்ணீர் போய், எஞ்சின் தலை வளைந்தால், ஹோஸ் தேய்மானச் சாமான், எஞ்சின் அதன் விளைவு, ஆக இரண்டுக்கும் காசு கிடையாது என்று முடியலாம். கிராப் ஓட்டினால் வாரண்டி செல்லாது என்ற வரியையும் தேடுங்கள், சம்பளம் போதாமல் வார இறுதியில் கிராப் ஓட்டும் பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஹைபிரிட் காடி என்றால் பேட்டரி உள்ளே வருகிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

வாங்கிய நாளிலிருந்து முதல் சில வாரம் கிளைம் செய்ய முடியாது என்ற காத்திருப்புக் காலம் இருக்கலாம். பழைய பாகத்துக்குப் புதுப் பாகம் போட்டால் விலையில் ஒரு பங்கு நீங்கள் கட்ட வேண்டும் என்றும் இருக்கலாம். காடியை விற்றால் அடுத்தவருக்கு மாற்ற முடியுமா, பாதியில் நிறுத்தினால் காசு திரும்புமா என்பதையும் அதே பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

சர்வீஸ் நிபந்தனை: நான் மாட்டிக்கொண்ட இடம்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு வாரண்டி கை கொடுப்பதும் காலை வாருவதும் இந்த இடத்தில்தான்.

என் வாரண்டியில் எழுதியிருந்தது, 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அதற்குள் சர்வீஸ். எனக்கு மனதில் நின்றது 10,000 மட்டும். நானோ வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து கடைத்தெருவுக்கும், வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் ஓட்டுபவன். ஆறு மாதத்தில் நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஏழாவது மாதம் எங்கள் தாமான் முனையில் இருக்கும் போர்மேனிடம் விட்டு மிஞ்ஞா ஹீத்தாம் (எஞ்சின் எண்ணெய்) மாற்றினேன். இருபது வருஷப் பழக்கம், நல்ல கைக்காரர். பில் கேட்டேன். மேசையில் கிடந்த புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பென்சிலால் "ஓயில், பில்டர் 130" என்று எழுதிக் கொடுத்தார். காடி நம்பர் இல்லை, மீட்டர் இல்லை, எந்த எண்ணெய் என்று இல்லை, கடைச் சாப்பும் (முத்திரையும்) இல்லை. தாளில் ஒரு கட்டைவிரல் எண்ணெய் ரேகை மட்டும் தெளிவாக இருந்தது.

பதினோராவது மாதம் கியர் பாக்ஸ் போனது. கிளைம் எழுதினேன். சர்வீஸ் ஒரு மாதம் தாமதம், அதுவும் பானல் பட்டறையில் (வாரண்டிக் கம்பெனியின் பட்டியலில் உள்ள பட்டறையில்) இல்லை, பில்லில் விவரம் இல்லை என்று மூன்று காரணம் போட்டு ஒரு பக்கக் கடிதம் வந்தது. எண்ணெய் மாற்றியதற்கும் கியர் பாக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று போனில் கத்தினேன். சம்பந்தம் இல்லைதான். ஆனால் கையெழுத்துப் போட்டது நான்.

ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் இவை. பானல் பட்டறையில்தான் சர்வீஸ் செய்ய வேண்டுமா, இல்லை விவரமான பில் இருந்தால் எந்தப் பட்டறையும் சரியா? பானல் என்றால் பட்டியலைக் கொடுக்கச் சொல்லுங்கள், உங்கள் வீட்டுக்கு அருகில் இருப்பது எது என்று பாருங்கள், அந்தப் பட்டறைக்கே போன் போட்டு "இந்த வாரண்டிக் காடி எடுக்கிறீர்களா" என்று கேளுங்கள். பட்டியலில் பெயர் இருந்தும், காசு தாமதமாக வருகிறது என்று எடுக்காத பட்டறைகளும் உண்டு. மச்சானுக்கு மிக அருகில் இருந்தது ஈப்போவில், வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர். சர்வீஸுக்கு அரை நாள் லீவு, ஒவ்வொரு தடவையும் ஊர்ப் போர்மேனைவிடக் கூடுதல் கூலி. இரண்டு வருஷத்துக்கு நாலு சர்வீஸ். தடவைக்கு 100 வெள்ளி கூட என்று வைத்தாலும் 400 ஆச்சு. வாரண்டி 1,680 இல்லை, 2,080.

கணக்கு

முதலில் அந்த மாதம் 25 வெள்ளி. 1,680ஐ லோனில் சேர்த்து, 3.5 விழுக்காடு நிலையான வட்டியில் (மிச்சக் கடனுக்கு இல்லை, வருஷா வருஷம் முழுத் தொகைக்கும்) 7 வருஷம் கட்டினால் வட்டி மட்டும் 411 வெள்ளி 60 சென். மொத்தம் 2,091.60, அதை 84 மாதத்தால் வகுத்தால் மாதம் 24.90. விற்பனைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் வாரண்டி ஓடுவது இரண்டு வருஷம், அதற்குத் தவணை ஏழு வருஷம். மிச்ச ஐந்து வருஷமும் செத்துப்போன வாரண்டிக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். வாங்குவதென்றால் ரொக்கத்தில் வாங்குங்கள், ரொக்கம் இல்லை என்றால் அதுவே ஒரு பதில்.

அடுத்து, உச்சவரம்பை வைத்து. சிவிடி கியர் பாக்ஸ் மாற்ற 5,000 வெள்ளி ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். ஒரு கிளைமுக்கு 2,000 என்றால் மிச்சம் 3,000 எப்படியும் உங்கள் பை. அந்த 2,000க்காக 1,680 கட்டுகிறீர்கள், அதாவது இரண்டு வருஷத்துக்குள் பெரிய பழுது ஒன்று வர நூற்றுக்கு 84 வாய்ப்பு இருந்தால்தான் போட்ட காசுக்குச் சரியாகும். மச்சானிடம் கேட்டேன், "நூத்துக்கு 84 வாய்ப்பு இருக்குன்னு நீ நினைச்சா அந்தக் காடிய எதுக்குடா வாங்குற?" கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கிளைம் வரலாம் என்பது உண்மைதான். அல்டர்னேட்டர் ஒரு தடவை, ஏர்கோன் கம்ப்ரசர் ஒரு தடவை என்று வந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அதற்கும் அந்தச் சாமான்கள் பட்டியலில் இருக்க வேண்டும்.

இதே விலைக்கு ஒரு கிளைமுக்கு 6,000 உச்சவரம்பு என்றால் கதை வேறு. 5,000 முழுவதும் வரும், மூன்றில் ஒரு வாய்ப்பு இருந்தால் போதும். அப்போதும் கணக்குப்படி கொஞ்சம் நஷ்டம்தான், ஆனால் வீட்டில் 5,000 புரட்ட வழியே இல்லை, காடி நின்றால் வேலை போய்விடும் என்ற நிலையில் இருப்பவர் அந்த நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்கலாம். நான் தப்பு சொல்ல மாட்டேன். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்த வாரண்டி கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம், அந்தக் கியர் பாக்ஸ் மூன்று மாதச் சம்பளம். இரண்டையும் அப்படி வைத்துப் பார்த்தால் மனசுக்கு வேகமாகப் பிடிபடும்.

காடியைப் பொறுத்தும் மாறும். நாலு கியர் பழைய ஆட்டோ போட்ட மைவி மாதிரிக் காடி என்றால், 2021 கடைசி வரை வந்த ஆட்டோ மைவி எல்லாம் அதுதான், சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும், பழைய காடிகளைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடையில் பாதி விலைக்குக் கியர் பாக்ஸே கிடைக்கும், எல்லாப் போர்மேனுக்கும் கை பழக்கம். அதற்கு வாரண்டி வாங்குவது வீண் என்பது என் கருத்து. டர்போ, சிவிடி, இரட்டைக் கிளட்ச், கண்டக் காடி (ஐரோப்பியக் காடி), ஹைபிரிட் இவற்றுக்குத்தான் யோசிக்கவே வேண்டும்.

வாரண்டி வாங்காவிட்டால் அந்தக் காசைத் தனியாக வைக்க வேண்டும், இல்லையென்றால் இந்தக் கணக்கெல்லாம் வாய்ப்பேச்சு. மாதம் 70 வெள்ளி வேறு பேங்க் கணக்கில் போட்டால் இரண்டு வருஷத்தில் 1,680 சேர்ந்துவிடும், காடி நின்றாலும் நிற்காவிட்டாலும் அது உங்கள் காசு. சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால் வெட்டுத் தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டமே வாங்கினார்கள். நாம் ஒரு கியர் பாக்ஸுக்குச் சேர்க்க முடியாதா? என் அப்பா இதைச் சொல்லித்தான் என் வாயை அடைப்பார்.

வாரண்டி இல்லாமலே உங்களிடம் இருப்பது

கடையில் வாங்கினால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு உண்டு. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பழைய பொருளுக்கும் அது பொருந்தும், விலையையும் வயதையும் கணக்கில் எடுத்துத் தரத்தை எடைபோடுவார்கள். "இருக்கிற நிலையிலேயே வாங்குகிறேன்" என்று உங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தாலும், ஒப்பந்தம் போட்டு அந்தச் சட்டத்திலிருந்து நழுவ முடியாது. ஆனால் வாங்கும் முன்பே "ஏர்கோன் வேலை செய்யாது" என்று சொல்லிக் காட்டியிருந்தால், அந்தக் குறைக்கு நீங்கள் கேட்க முடியாது.

சண்டை வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், 2019க்கு முன் 25,000தான். வக்கீல் தேவையில்லை, பொதுவாக விடவும் மாட்டார்கள், அதனால் கடைக்காரரும் உங்களைப் போல் தானே வந்து பேச வேண்டும். மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். வாரண்டிக் கம்பெனி நியாயமில்லாமல் கிளைமை மறுத்தாலும் இதே கதவுதான்.

தனி ஆளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் கிடையாது, அது வியாபாரிகளுக்கானது. மறுபடி விற்கும் வியாபாரத்துக்காகக் காடியை வாங்கியிருந்தாலும் கிடையாது.

பேரம்

வாரண்டி விலை பேரம் பேசக்கூடியது. அது கல்லில் எழுதிய விலை மாதிரி சொல்வார்கள், அப்படி இல்லை. "வாரண்டி வேண்டாம், அதற்குப் பதில் கியர் பாக்ஸுக்கும் எஞ்சினுக்கும் நீங்களே ஆறு மாதம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். காடி மேல் தவுக்கேக்கு (கடை முதலாளிக்கு) நம்பிக்கை இருந்தால் எழுதித் தருவார். தயங்கினால், அவருக்கே நம்பிக்கை இல்லாத காடிக்குத்தான் உங்களுக்கு வாரண்டி விற்கப் பார்க்கிறார். வாயால் சொல்வது வேண்டாம், வாட்சப்பிலாவது வரட்டும். "இன்னைக்கு மட்டும்தான் இந்த விலை" என்றால் நாளைக்கு வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றால்

சர்வீஸ் தேதியைக் கைப்பேசியில் ஐந்தாவது மாதமே அலாரம் போட்டு வையுங்கள், மீட்டரை நம்பி இருக்காதீர்கள். பில்லில் காடி நம்பர், மீட்டர், தேதி, எண்ணெய் வகை, எத்தனை லிட்டர், கடைச் சாப் எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் போர்மேன் எழுத அலுத்துக்கொண்டால் நீங்களே எழுதி அவரிடம் சாப் மட்டும் குத்தி வாங்குங்கள், அன்றே படம் எடுங்கள், அந்தத் தாளில் மை ஒரு வருஷம் நிற்காது.

காடி நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். "வீடு வரைக்கும் தள்ளிடலாம்" என்று சூடேறிய காடியை ஓட்டினால் கிளைம் அதோடு சரி. மீட்டர் பலகையில் எரியும் விளக்கைப் படம் எடுத்துவிட்டு, வாரண்டி நம்பருக்குப் போன் போடுங்கள், பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் சம்மதம் எழுத்தில் வரும் வரை யாரும் எதையும் பிரிக்கக் கூடாது. நம் போர்மேன்களுக்கு இதில்தான் கை துறுதுறுக்கும், சும்மா திறந்து பார்ப்போம் என்பார்கள். பிரித்துப் பார்க்கும் கூலி யாருடையது, இழுவை லோரி எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்பதை அதற்கு முன்பே கேளுங்கள். காடி பட்டறையில் கிடக்கும் இரண்டு மூன்று வாரத்துக்கு மாற்றுக் காடி பெரும்பாலும் தர மாட்டார்கள், ஒரு மோட்டார் சைக்கிள் இரவல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சான் திங்கட்கிழமை திரும்பப் போனான், எங்கள் தாமான் போர்மேனையும் கூட்டிக்கொண்டு. சிவிடி எண்ணெய் மாற்றியதற்கான பில் இல்லை என்று காட்டி 700 வெள்ளி குறைத்தார்கள், கியர் பாக்ஸுக்கு நாலு மாதம் எழுதியும் கொடுத்தார்கள். ஆறு மாதம்தான் கேட்டோம். வாரண்டி வாங்கவில்லை. வந்த வாரமே கியர் எண்ணெய் மாற்றினான். போர்மேன் பில்லை நீட்டினார், பென்சிலில்தான். மச்சான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தான்.